முட்டிய தலைகளின் கதை

செங்கம் ரோட்டை விட்டு அண்ணாமலைக் கிரிவலப் பாதை திரும்பும் இடத்தில் காலை நேரங்களில் ஆடு மேய்க்க வருவார்கள். வெள்ளாட்டுக் கிடா பின்னங்காலில் எழுந்து நின்று, இறங்குகிற வேகத்தில் முட்டும். செம்மறிக் கிடா நாலடி பின்வாங்கி, ஓடிவந்து நேருக்கு நேர் மோதும். அந்த ‘டொக்’ சத்தம் காதில் விழும்போதெல்லாம், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டற்றுப் போன ஒரு விலங்கு என் நினைவுக்கு வரும். அதன் பெயர் பேக்கிசெஃபலோசாரஸ். தடித்த தலைப் பல்லி என்று பொருள்.

வட அமெரிக்காவின் மேற்கில் திரிந்த டைனோசர் அது. சுமார் நாலரை மீட்டர் நீளம், இரண்டு காலில் நடை. சட்டியைக் கவிழ்த்து வைத்தாற்போல் உச்சந்தலையில் ஒரு புடைப்பு. அவ்வளவு பெரிய தலைக்குள் மூளை கொஞ்சம்தான். புடைப்பு முழுக்க எலும்பு. கனம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர்.

இது எதற்கு? கிடாக்களைப் போல முட்டிக்கொள்ளத்தான் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 2004-இல் மார்க் குட்வின், ஜாக் ஹார்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து இதை மறுத்தார்கள். அதிர்ச்சி தாங்குவதாக நம்பப்பட்ட எலும்பமைப்பு, வளர்ந்த விலங்கில் மறைந்துவிடுகிறது. ஆகவே புடைப்பு தன் இனத்துக்கு அடையாளம் காட்டத்தான் என்றார்கள். 2013-இல் வேறொரு குழு 109 புடைப்புகளை எடுத்து ஆராய்ந்தது. அவற்றில் 22 சதவீதத்தில் காயத் தழும்பு இருந்தது. தட்டைத் தலை கொண்ட உறவினங்களில் அந்தத் தழும்பு இல்லை. எலும்பமைப்பைப் பற்றிய வாதத்தைவிட இந்தத் தழும்புகளையே நான் நம்புகிறேன். அடிபடாத தலையில் ஏது தழும்பு?

2025-இல் மங்கோலியாவிலிருந்து வந்த செய்தி இன்னும் சுவையானது. ஜாவாசெஃபாலே என்று பெயரிடப்பட்ட அந்த விலங்கின் வயது 10.8 கோடி ஆண்டு. தடித்த தலைப் பல்லி வம்சத்தில் கிடைத்தவற்றில் மிகப் பழையது. நீளம் ஒரு மீட்டர்தான், இன்னும் வளர்ந்து முடியாத இளசு. ஆனாலும் தலையில் புடைப்பு முழுசாக எழும்பியிருந்தது. உடம்பு முற்றும் முன்பே தலை தயாராகிவிடுகிறது! வயிற்றுப் பகுதியில் கூழாங்கற்களும் கிடந்தன. கோழி கல்லைக் கொத்தி விழுங்கி இரையை அரைத்துக்கொள்கிறதே, அதே வேலைக்கு.

நம் பக்கம் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டால், அண்ணாமலையில் தேடிப் பயனில்லை. டைனோசர்கள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, பூமியின் ஆழத்துச் சூட்டில் இறுகிய பாறை இது. எலும்பு தங்க வேண்டுமானால் வண்டல் படிய வேண்டும். அதற்கு அரியலூருக்கோ நர்மதைக் கரைக்கோ போக வேண்டும்.

நர்மதைப் பக்கம் கிடைத்தது ராஜாசாரஸ். குஜராத்தின் ரகியோலியில் 1982 முதல் 1984 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சுரேஷ் ஸ்ரீவாஸ்தவா அந்த எலும்புகளைச் சேகரித்தார். இது புல் பூண்டு தின்றதல்ல, இரை பிடித்தது. ஆனால் இதன் நெற்றியிலும் தாழ்வான ஓர் உருண்டைக் கொம்பு, மண்டைக்கூரையும் தடிப்பானது. இடித்துச் சண்டையிட அது உதவியிருக்கலாம்.

இதே கூட்டத்தைச் சேர்ந்த ஒன்று மடகாஸ்கரில் ஆய்வாளர்களையே ஏமாற்றியது. அங்கே கிடைத்த ஒரு மண்டைத் துண்டின் புடைப்பைப் பார்த்து, தடித்த தலைப் பல்லி வகைதான் என்று முடிவுகட்டி, 1979-இல் மஜுங்காதோலஸ் என்று பெயரும் வைத்தார்கள். 1996-இல் முழு மண்டையோடு கிடைத்த பிறகுதான் அது ராஜாசாரஸின் உறவுக்கார ஊனுண்ணி என்று தெரிந்தது. தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா எல்லாம் ஒரே நிலமாக இருந்த காலத்து வம்சம் அது.

ராஜாசாரஸுக்கு அந்தக் கதி வரவில்லை. எந்த எலும்பு எதன் பக்கத்தில் கிடந்தது என்று ஸ்ரீவாஸ்தவா வரைந்து வைத்த வரைபடம் இருந்தது. பிற்பாடு ஆய்வாளர்கள் ஜெஃப்ரி வில்சனும் பால் செரினோவும் அதை வைத்துத்தான் இவை ஒரே விலங்கின் எலும்புகள் என்று கண்டுகொண்டார்கள். 2003-இல் பெயர் சூட்டினார்கள். மண்ணிலிருந்து எடுத்து இருபது ஆண்டு கழித்து!

அரியலூர் கல்லமேட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அங்கே ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் கண்ட ராட்சத எலும்புகளுக்கு 1987-இல் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கெண்டைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று கருத்து மாறியது. சரிபார்க்க இப்போது எலும்பு இல்லை. நொறுங்கிப் பொடியாகிவிட்டது. அந்த விலங்கு இன்று இருப்பது சில கோட்டோவியங்களிலும், 2022-இல் வெளிவந்த பழைய புகைப்படங்களிலும்தான்.