கொல்லைப்புறத்து விருந்தாளிகள்

புனித மார்ட்டின் தெ போரஸின் திருவுருவத்தைக் கண்டிருப்பீர்கள். கையில் துடைப்பம், காலடியில் ஒரே தட்டில் உணவருந்தும் நாய், பூனை, எலி. பெரு நாட்டின் லீமா நகரில் 1579-ஆம் ஆண்டு பிறந்து, தோமினிக்கன் மடத்தில் எளிய பணியாளராய் வாழ்ந்து, 1639-இல் இறைவனடி சேர்ந்தவர் அவர். மடத்தின் துணிமணிகளை எலிகள் கடித்து நாசமாக்கியபோது, நஞ்சு வைத்துக் கொல்ல மற்றவர்கள் எண்ணினராம். மார்ட்டினோ ஓர் எலியைக் கையிலெடுத்து, எல்லாரும் தோட்டத்துக்குப் போய்விட்டால் நாள்தோறும் அங்கேயே உணவு தருவதாகச் சொல்லி அனுப்பினார் என்றும், எலிகள் கீழ்ப்படிந்து வெளியேறின என்றும் மரபுவழிக் கதை கூறுகின்றது.

இதைப் படித்துவிட்டு எலிக்குச் சோறு வைக்கத் தொடங்கிவிடாதீர்கள்! ஆயினும் புனிதர் அறிந்திருந்த உண்மை ஒன்று இக்கதையில் உண்டு. எலி நம்மீது பகை கொண்டு வருவதில்லை; பசி கொண்டு வருகின்றது.

நம் வீட்டுக் கொல்லையைச் சற்று நோக்குவோம். நாய் உண்டது போக எஞ்சிய சோறு, கோழிக்கு இறைத்த தானியம், துருவிப் போட்ட தேங்காய் மூடி, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் கொய்யா இவையெல்லாம் எலிக்கு நாம் வைக்கும் அழைப்பேயாகும். எலி சுமார் மூன்று வாரங்களே சினை சுமக்கின்றது. குட்டிகளும் மூன்று மாதங்களுக்குள் தாமே குட்டி போடத் தொடங்கிவிடுகின்றன. எனவே உணவும் ஒளிவிடமும் இருக்கும்வரை, கூண்டு வைத்து ஒன்றிரண்டைப் பிடிப்பதால் மட்டும் பயன் விளையாது. தானியத்தை மூடியுள்ள தகர டின்களில் இடுக. மாலையில் கோழித் தீவனத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்க. கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுக. தென்னையில் ஆள் உயரத்துக்கு மேலே வழவழப்பான தகரப் பட்டை ஒன்றைச் சுற்றினால் எலி ஏற முடியாமல் வழுக்கும். பென்சில் நுழையும் துளை போதும், சுண்டெலி உள்ளே வந்துவிடும். கம்பி வலையும் சிமெண்டும் கொண்டு அத்துளைகளை அடைத்தல் நலம். மழைக்காலத்தில் தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், காலிலுள்ள சிறு புண் வழியாகவும் எலிக்காய்ச்சல் தொற்றும் என்பதைப் பெற்றோர் மறவாதிருக்க வேண்டும்.

நஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையை உட்கொண்டவரின் கல்லீரல் அழியக்கூடும். அதற்கென முறிமருந்து எதுவும் கிடையாது. முதல் நாள் நலமாக இருப்பதுபோல் தோன்றுவதே அதன் கொடுமை. ரொட்டியில் தடவிய பசை எலிக்கு மட்டுமா உணவாகத் தெரியும்? தவழும் குழந்தைக்கும் தெரியும். மனம் உடைந்து நிற்கும் ஒருவரின் கைக்கெட்டும் தொலைவிலும் அது இருக்கலாகாது. சிறுவரும் மனத்துயருற்றோரும் வாழும் வீட்டில் இப்பசைக்கு இடமில்லை என்பதே என் உறுதியான கருத்து. நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகையும் அதனால் மடியக்கூடும். இரவெல்லாம் எலி வேட்டையாடும் அப்பறவையை, அதன் அலறல் சாவுக்கு அறிகுறி என்று சொல்லிக் கல்லெறிந்து விரட்டுவோர் நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் உண்டு. வருந்தத்தக்க மூடநம்பிக்கை!

எலி இருக்கும் இடத்துக்கு அடுத்து வருவது பாம்பு. அடுக்கிய விறகிலும் வைக்கோற்போரிலும் நாம் பெரும்பாலும் காண்பது நஞ்சற்ற சாரை. நீண்டிருப்பதாலேயே நாகமென்று எண்ணி அதை அடித்துக் கொல்கிறோம். எலிகளோ மகிழ்ந்து பெருகுகின்றன. பாம்புகளுக்குப் பாதுகாப்பளிக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 முதலே நடைமுறையில் உள்ளது.

அதற்காக அச்சம் வீண் என்று சொல்வதற்கில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குமே பெரும்பான்மையான சாவுகளுக்குக் காரணம். இவற்றுள் கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும்; வலி தெரியாது, பல்லின் தடமும் தெரியாமற்போகலாம். விடியலில் வயிற்றுவலி, இமை சரிதல், பேச்சுக் குழறல் என்றால் காலந்தாழ்த்தலாகாது. கட்டிலில் உறங்குவதும், கொசுவலையின் ஓரங்களைப் பாயின்கீழ்ச் செருகுவதும் சிறந்த காவல். பூண்டு, பினாயில் தெளித்தால் பாம்பு வாராது என்பதை நம்பி இருந்துவிட வேண்டாம். விறகைத் தரையில் குவிக்காது, கால் வைத்த பலகைமேல் சுவரினின்று தள்ளி அடுக்குவதே மேல்.

கடித்துவிட்டாலோ, இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கேடு. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நோயாளியை நடக்கவிடாமல், 108-ஐ அழைத்து மருத்துவமனை சேர்க்க வேண்டும். மேற்சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்து அங்குண்டு. அம்மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சை, 1978-இல் தொடங்கி மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சேகரித்து வழங்கிவருகின்றது. பாம்பிடமிருந்து நஞ்செடுத்தபின், பிடித்த காட்டிலேயே அதை மீண்டும் விட்டுவிடுவது அவர்களது வழக்கம்.

வீட்டுக்குள் பாம்பு நுழைந்துவிட்டால் பிள்ளைகளை அப்புறப்படுத்தி, கதவைச் சாத்தி, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லியனுப்புங்கள். அவர்கள் வரும்வரை அது எந்த மூலையில் இருக்கிறதென்று தொலைவிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.