ஆவியின் அபாயம்

பெட்ரோல் எரிகிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் எரிவது அதன் ஆவியே. சிறு சுடர் பட்டதும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஒரு திரவம் ஆவியை எழுப்பும் மிகக் குறைந்த உஷ்ணமே அதன் தீப்பற்றும் நிலை. இந்த எண் குறையக் குறைய அபாயம் அதிகம். பெட்ரோலுக்கு அது சுழிக்குக் கீழே சுமார் 40 டிகிரி. மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரி செண்டிகிரேடுக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டு விதி.

இந்த எண்ணைக் கொண்டே சட்டம் எண்ணெய்களைத் தரம் பிரிக்கிறது. பிரெடரிக் ஏபெல் வகுத்த மூடிய பாத்திரச் சோதனையை 1879-ல் ஏற்ற பிரிட்டிஷ் பார்லிமெண்டு, 73 டிகிரி பாரன்ஹீட்டை எல்லையாக விதித்தது. அது ஏறக்குறைய 23 செண்டிகிரேடு. நமது 1934-ம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டமும், இன்றுள்ள திருத்தத்தின்படி, 23-க்குக் கீழ்ப்பட்டவற்றை ‘ஏ’ வகுப்பு என்கிறது. 23 முதல் 65-க்குள் ‘பி’. 65 முதல் 93-க்குள் ‘சி’.

லண்டன் குளிருக்கு 23 தாராளமான எல்லை. சென்னையிலோ மார்கழிப் பகலே அதைத் தாண்டுகிறது. கோடையில் 40-ஐயும் கடப்பதுண்டு. அவ்வெயிலில் கிடக்கும் மண்ணெண்ணெய்ப் பீப்பாய், ஏட்டில் ‘பி’ வகுப்பாயினும், குணத்தில் ‘ஏ’ வகுப்பை நெருங்கிவிடுகிறது. இதை அறியாமல் வகுப்பின் பெயரை மட்டும் நம்புவது பேதைமை.

ஆவி செய்யும் நாசத்துக்கு ஜெய்ப்பூரே சாட்சி. 2009 அக்டோபர் 29-ல் அங்குள்ள எண்ணெய்க் கிடங்கில் கசிந்த பெட்ரோலின் ஆவி, காற்றினும் கனமானதாகையால், தரையோடு தவழ்ந்து பரவியது. ஒரு மணி நேரத்துக்குப் பின் அது வெடித்தது. 11 பேருக்குக் குறையாமல் மாண்டனர். தீ ஒரு வாரத்துக்கு மேல் எரிந்தது.

கிடங்கில் நேர்வது ஏழையின் சமையலறையிலும் நேரலாம். மண்ணெண்ணெயில் சிறிதளவு பெட்ரோல் கலந்தாலும் அதன் தீப்பற்றும் நிலை வெகுவாகத் தாழ்ந்துவிடும். கலந்தவனுக்குக் கிடைப்பது சில காசு. அடுப்பைப் பற்றவைக்கும் பெண்ணுக்கு நேர்வது மரணம். இதை வெறும் வியாபார மோசடி என்று நாம் கருதவில்லை. உயிர்க் குற்றம் என்றே கருதுகிறோம்.

ஆகவே நாம் கோருவன மூன்று. பீப்பாய்தோறும் வகுப்பும் எண்ணும் தமிழில் பொறிக்கப்பட வேண்டும். சில்லறைக் கடைகளிலும் முன்னறிவிப்பின்றிச் சோதனை நடக்க வேண்டும். எண்ணெய் நிழலில் வைக்கப்பட வேண்டும். சர்க்கார் செய்யட்டும், செய்யும்வரை கேட்பது ஊர்தோறும் உள்ள தொண்டர்களின் கடமை.