பாடும் பெட்டியும் பதமான மரமும்

தறிக்கும் ஏருக்கும் ஓய்வுள்ள மாதங்களில் செய்யத்தக்க உபதொழிலாகக் கடைசல் மரவேலை, குறிப்பாக இசைப்பெட்டி, பயன்படுமா என்று தருமபுரி வட்டார அங்கத்தினர் சிலர் வினவியுள்ளனர். அத்தொழிலின் விவரத்தையும், அதில் பணம் முடங்கும் இடத்தையும் ஈண்டு விளக்குவோம்.

இசைப்பெட்டியாவது, சாவி கொடுத்தால் தானே பாடும் சிறு பெட்டி. உள்ளே சீப்புப் போன்ற எஃகுத் தகடும், முட்கள் பதித்த உருளையும் உண்டு. சுருள்வில் விரியும்போது உருளை சுழன்று, முட்கள் சீப்பின் பற்களைத் தெறிக்க, இசை எழுகிறது. இவ்வமைப்பை 1796-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஜெனீவா நகரத்துக் கடிகாரத் தொழிலாளர் அந்துவான் ஃபாவ்ர். இக்கருவியை நாம் செய்ய வேண்டுவதில்லை. ஜப்பான், சீனம் முதலிய நாடுகளில் செய்தது விலைக்குக் கிடைக்கிறது. நம் வேலை பெட்டி. கருவியைக் கையில் வைத்தால் ஒலி மெலிந்தே கேட்கும். மெல்லிய பலகையில் திருகி இறுக்கினால் கூடம் முழுவதும் கேட்கும். வீணைக்குக் குடம் எப்படியோ, இதற்குப் பெட்டி அப்படி.

கடைசல் வேலைக்கு நமக்கு அண்மையிலுள்ள முன்மாதிரி சன்னபட்டணம். ஓசூர் வழியே பெங்களூரு சென்று, மைசூர்ச் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போனால் அவ்வூர். அதன் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே மரபாகக் கடைவது வெட்பாலை மரம். இதன் இலையிலிருந்து நீலச் சாயமும் எடுப்பதுண்டு. சுழலும் மரத்தின்மேல் நிறமேற்றிய அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படியும். பின்பு தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவர்.

இனி முக்கியமானது ஒன்று. பச்சை மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. இன்று வட்டமாகக் கடைந்த பெட்டி சில வாரங்களில் கோணும். மூடி இறுகும், அல்லது பெட்டி வெடிக்கும். ஆகவே இருமுறை கடைய வேண்டும். முதலில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர்க் கனம் வைத்து, அதாவது 10 செ.மீ. பெட்டிக்கு 1 செ.மீ. விட்டு, முரடாகக் கடைந்து, மரத்தின் வெட்டுமுகங்களில் மெழுகு பூசி, காற்றோட்டமுள்ள நிழலில் அடுக்குக. வாரந்தோறும் எடை பார்த்து, எடை குறைவது நின்ற பின்னரே இறுதியாகக் கடைக. இதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஓர் ஊரில், வியாபாரியிடம் முன்பணம் பெற்ற அங்கத்தினர் ஒருவர், தவணைக்கு அஞ்சி ஈர மரத்தையே கடைந்து கொடுத்தார். கோணிய மூடிகளுடன் சரக்குத் திரும்பியது. நட்டம் அவர் தலையில் விழுந்தது. அவரிடம் கைத்திறன் குறையவில்லை, காத்திருக்கப் பணமில்லை.

ஆதலின், இயந்திரத்துக்குக் கடன் கேட்குமுன், மரம் காயும் காலத்துக்கு நடைமுறை மூலதனம் உண்டா என்று சங்கம் பார்க்க வேண்டும். பொதுக் கொட்டகையில் பொது மரம் இருப்பாக இருக்கட்டும். கடன் தவணை மரம் காய்ந்த பின் தொடங்கட்டும். காப்புக்காட்டு மரத்தில் கைவைக்கலாகாது. வரப்போரத்தில் வெட்பாலை நடுவது விவசாயிகளால் இயலும். தனியொருவரால் வாங்க இயலாத காத்திருப்பைப் பலர் சேர்ந்து வாங்கலாம். சங்கம் இருப்பது அதற்காகவே.