மஞ்சளுக்கு மிளகு துணை: சர்க்கரை வியாதிக்கு மருந்தாகுமா? பெங்களூர் ஆராய்ச்சி சொல்வது என்ன?

சளி பிடித்தால் பாலில் மஞ்சள்தூளும் மிளகுத்தூளும் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பது நம் வீட்டுப் பாட்டிமார்களின் வழக்கம்.

இப்போது அதே மஞ்சளும் மிளகும் தொப்பையைக் குறைக்கும், சர்க்கரை வியாதியை விரட்டும் என்ற பேச்சு பரவி இருக்கிறது. இதை நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு.

இதில் உண்மை எவ்வளவு?

தொப்பையில் நடப்பது

நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை தசைகளுக்குள் போகவேண்டும். அதற்குக் கதவைத் திறந்துவிடும் சாவிதான் இன்சுலின்.

காயம்பட்ட இடம் சிவந்து வீங்குகிறது அல்லவா? அதற்கு டாக்டர்கள் "அழற்சி" என்று பெயர் சொல்வார்கள். வயிற்றில் கொழுப்பு அளவுக்கு மீறிச் சேரும்போது, அந்தக் கொழுப்பிலும் வெளியே தெரியாத அழற்சி உண்டாகிறது.

அங்கே சுரக்கும் சில ரசாயனப் பொருள்கள் இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. சாவி இருந்தும் பூட்டு திறப்பதில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1993-ம் ஆண்டு, கொழுத்த எலிகளிடம் இதைக் கண்டுபிடித்தார்கள்.

பூட்டைத் திறக்கக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. ஒருநாள் அதுவும் களைத்துவிடுகிறது. அப்போது சர்க்கரை வியாதி வருகிறது.

மிளகு செய்த வேலை

மஞ்சளுக்கு அதன் நிறத்தைக் கொடுப்பது "குர்குமின்" என்ற பொருள். இது அழற்சியைத் தணிக்கக்கூடியது என்று சோதனைச் சாலைகளில் தெரியவந்தது. ஆனால் ஒரு சிக்கல். குர்குமினைச் சாப்பிட்டால் குடலும் கல்லீரலும் அதை உடனே உருமாற்றி வெளியேற்றிவிடுகின்றன. ரத்தத்தில் சேருவது மிக மிகக் குறைவு.

பெங்களூர் செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் பிரிவு ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். பிறகு அதே அளவு குர்குமினுடன், மிளகின் காரத்துக்குக் காரணமான "பைப்பரின்" 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ரத்தத்தில் குர்குமின் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது! 1998-ம் ஆண்டு வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் பேசப்பட்டது.

கணக்குப் பாருங்கள்

ஆனால் இது ரத்தத்தில் எவ்வளவு சேருகிறது என்று பார்த்த சோதனைதான். சர்க்கரை வியாதி குணமாகிறதா என்று பார்த்தது அல்ல.

மேலும், மஞ்சள்தூளில் இருக்கும் குர்குமின் 100 கிராமுக்குச் சுமார் 3 கிராம்தான். 2 கிராம் குர்குமின் வேண்டும் என்றால் 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் தின்னவேண்டும். குழம்பில் நாம் போடுவதோ ஒரு சிட்டிகை.

அப்படியானால் கடையில் விற்கும் மஞ்சள் மாத்திரையைச் சாப்பிடலாமா? டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இத்தகைய மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. பைப்பரின் மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் உயர்த்தக்கூடும். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பெனிடாயின் அவற்றில் ஒன்று. ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்படத் தேவை இல்லை.

மாத்திரையும் செடியில் பிறந்ததே

"மாத்திரை ரசாயனம், மூலிகை இயற்கை" என்று சொல்லி மாத்திரையைத் தள்ளுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை வியாதிக்குப் பலரும் சாப்பிடும் மெட்பார்மின், ஐரோப்பாவில் வளரும் "கலேகா" என்ற செடியில் உள்ள பொருளைப் பின்பற்றி உருவானதுதான். பிரெஞ்சு டாக்டர் ஜான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1957-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார். அளவும் பக்க விளைவும் சோதித்து அறியப்பட்டதால்தான் அது மருந்தானது.

சென்னை காட்டிய வழி

சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வியாதி வரும் நிலையில் இருந்த 531 பேரைப் பல பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். 2006-ம் ஆண்டு முடிவு வெளியானது.

சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்கு 3 ஆண்டுகளில் வியாதி வந்துவிட்டது. சாப்பாட்டை மாற்றி, தினமும் அரை மணி நேரம் நடந்தவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. நடந்தோ சைக்கிளிலோ வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பழக்கத்தையே தொடரும்படி சொல்லப்பட்டார்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

தையல்கார டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேல் இருந்தால், உட்கார்ந்து வேலை பார்க்கும் குமாஸ்தாவானாலும் ஷிப்டு வேலைக்குப் போகும் தொழிலாளியானாலும், அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நல்லது.

ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.