கோவில்பட்டி டு டோக்கியோ!

ராத்திரி சாப்பிடும்போது அப்பா திடீரென்று, "எனக்கு டோக்கியோவில் வேலை. நாம எல்லாரும் போறோம்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள் குட்டீஸ்?

முதலில் குதிப்பீர்கள். அப்புறம் ஆச்சியைத் திரும்பிப் பார்ப்பீர்கள்.

2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காகப் பல இந்தியக் குடும்பங்கள் டோக்கியோவுக்குப் போயிருக்கின்றன. அவற்றில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. நிறையப் பேர் குடியேறிய இடம் எதொகவா வட்டாரத்தில் உள்ள நிஷிகசாய். அலுவலகங்கள் நிறைந்த ஓதேமாச்சிக்கு அங்கிருந்து ரயில் மாறாமல் போகலாம் என்பது ஒரு காரணம். பருப்பு, அரிசி விற்கும் இந்தியக் கடைகளும் அங்கே வந்துவிட்டன.

சென்னையிலிருந்து டோக்கியோ சுமார் 6,400 கிலோ மீட்டர். அதற்கு முன்னால் கோவில்பட்டி ஸ்டேஷனில் ராத்திரி ரயில் ஏறிச் சென்னை போக வேண்டும். பெட்டியில் என்ன வைக்கலாம்? பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள் போகாது. நம்ம ஊர்க் கடலைமிட்டாய்க்கு அந்தச் சிக்கல் இல்லை. 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாயாச்சே! ஆனால், அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே பொதுவான வழக்கம். நிலக்கடலை சிலருக்கு ஒவ்வாது என்பதால், அது சேர்ந்த உணவுப் பாக்கெட்டில் அதைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

சரி, எந்தப் பள்ளியில் சேர்வது? அம்மாவும் அப்பாவும் தூக்கம் கெட்டு யோசிக்கும் கேள்வி இதுதான். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் டோக்கியோவில் 2004லும் 2006லும் தொடங்கப்பட்டன. அங்கே படித்தால், ஊர் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால், கட்டணம் உண்டு. பக்கத்து வீட்டு ஜப்பானியப் பிள்ளையோடு பேச மொழியும் சீக்கிரம் வராது.

ஜப்பானிய அரசுப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைகளும் சேரலாம். கல்விக் கட்டணம் இல்லை, பாடப் புத்தகமும் இலவசம். வயதைப் பார்த்துத்தான் வகுப்பு. புதிதாக வருபவர்களுக்கு ஜப்பானிய மொழி சொல்லித்தர சில பள்ளிகளில் தனி ஏற்பாடும் உண்டு.

அங்கே ஏப்ரலில் பள்ளி ஆண்டு தொடங்கும். உள்ளே நுழைந்ததும் வெளிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, 'உவாபாகி' என்ற உள் செருப்பைப் போட வேண்டும். மழை பெய்தால் காலில் அப்பும் கரிசல் மண்ணை வாசலிலேயே கழுவிவிட்டு வீட்டுக்குள் வருகிறவர்களுக்கு இது ஒரு கஷ்டமா? வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பது பிள்ளைகளின் வேலை. மதியச் சாப்பாட்டையும் அவர்களே முறைவைத்துப் பரிமாறுவார்கள். அதில் மீனும் இறைச்சியும் அடிக்கடி வரும். குழம்பு வகைகளில் மீன் சாறு கலந்திருக்கும். ஆகாதவர்கள் பள்ளியில் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸ் கொண்டுபோக வேண்டியதுதான்.

நில நடுக்கப் பயிற்சியும் உண்டு. மணி அடித்ததும் மேஜைக்கு அடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டு அல்ல! 2011 மார்ச் 11இல் வடகிழக்கு ஜப்பானைத் தாக்கிய பெரிய நில நடுக்கத்தில் டோக்கியோ கட்டடங்களும் ஆடின.

மொழி? பயப்பட வேண்டாம். 'வதஷி வா கோஹான் ஓ தபேமாஸ்' என்றால், 'நான் சோறு சாப்பிடுகிறேன்'. வதஷி - நான். கோஹான் - சோறு. 'ஓ' என்பது நம்முடைய 'ஐ' மாதிரி பின்னால் ஒட்டிக்கொள்ளும். தபேமாஸ் - சாப்பிடுகிறேன். தமிழ் மாதிரியே வினைச்சொல் கடைசியில் வருகிறது, கவனித்தீர்களா? இரண்டும் உறவு மொழிகள் என்றே சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் வாதிட்டார். மொழியியலாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை.

அவர்களுடைய எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந என்று போகும்! இந்திய எழுத்து முறையைப் படித்த புத்த பிக்குகள் வழியாகப் போன வரிசை அது. சீனாவிலிருந்து வந்த 'கான்ஜி' எழுத்துகள்தான் தலைவலி. ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் 1,026 படிக்க வேண்டும்.

ஆறு வயதுத் தங்கை இதைச் சமாளித்துவிடுவாள். பன்னிரண்டு வயது அண்ணனுக்குத்தான் சிரமம். ஒன்பதாம் வகுப்போடு கட்டாயக் கல்வி முடிந்து, உயர்நிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதுவும் ஜப்பானிய மொழியில். தங்கைக்கோ வேறு ஆபத்து. வீட்டில் யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித்தராவிட்டால், ஆச்சி எழுதும் கடிதத்தை அவளால் படிக்க முடியாது. ஆகவே, ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே பள்ளி சரிப்படும் என்று சொல்ல முடியாது.

ஒரு விஷயம் தெரியுமா? நம் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலுக்கும் இப்படி ஊர் மாறிய குடும்பங்கள்தான் காரணம். 1910ஐ ஒட்டி ஜப்பானியக் குடும்பங்கள் கல்கத்தாவில் குடியேறித் தீப்பெட்டி செய்தன. அங்கிருந்தவர்கள் அந்தத் தொழிலைக் கற்றார்கள். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்தார்கள். அப்புறம் சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவியது. அந்த ஜப்பானியப் பிள்ளைகள் கல்கத்தா வெயிலில் எப்படித் தவித்தார்களோ!

கடைசியாக ஒரு கணக்கு. ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தியது. இரவு ஏழரைக்கு ஆச்சி போன் செய்தால், டோக்கியோவில் மணி 11, நீங்கள் தூங்கியிருப்பீர்கள். அங்கே மாலை 4 மணிக்குப் பள்ளி விட்டு வந்ததும் நீங்களே கூப்பிடுங்கள். கோவில்பட்டியில் பகல் பன்னிரண்டரை. ஆச்சி உலையை இறக்கிவிட்டுப் போனை எடுத்துவிடுவாள்.