படிக்க வரும் பிள்ளைக்குப் பிரெஞ்சு எங்கே கிடைக்கும்?

ஊரில் இருந்து ஒரு அழைப்பு வரும். "தம்பிக்கு மொன்றியலில் படிக்க இடம் கிடைச்சிட்டுது. நீங்கள் லவாலில்தானே இருக்கிறியள், உங்களை நம்பித்தான் விடுகிறம்." யாழ்ப்பாணமோ கொழும்போ சென்னையோ, இப்படியான அழைப்பு வராத தமிழ் வீடு லவாலில் குறைவு. உடனே நாம் அறை, குளிர் உடுப்பு, பஸ் அட்டை, பகுதிநேர வேலை பற்றியெல்லாம் கதைக்கத் தொடங்குகிறோம். மொழியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எழுவதில்லை. "அவன் இங்கிலீஷில்தானே படிக்கப் போறான்" என்று அது அத்தோடு முடிந்துவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து, கையில் பட்டத்தோடு அந்தப் பிள்ளை நிற்கும்போதுதான் அந்தப் பேச்சு திரும்ப வருகிறது. அதை முதலிலேயே பேசிவிட உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'லவால் பல்கலைக்கழகம்' லவாலில் இல்லை. அது கியூபெக் நகரில், இங்கிருந்து சுமார் 250 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. முழுக்கப் பிரெஞ்சில் இயங்கும் பல்கலைக்கழகம் அது. கியூபெக்கின் முதல் ஆயர் பிரான்சுவா த லவால் அவர்களின் பெயரே இரண்டுக்கும் சூட்டப்பட்டுள்ளது. "மாமா வீட்டில் இருந்து நடந்து போகலாம்" என்று எண்ணி அங்கே விண்ணப்பிக்க முன்னர் வரைபடத்தைப் பார்ப்பது நல்லது. எமது லவால், மொன்றியலுக்கு வடக்கே ஆற்றுக்கு அப்பால் உள்ள தனித்தீவு. 2007 இல் மெற்றோ இங்கே வந்தபின், மொன்மொரன்சி நிலையத்தில் ஏறி பெரி-யூகாமில் மாறினால் மக்கில், கொன்கோர்டியா ஆகிய இரண்டு ஆங்கிலப் பல்கலைக்கழகங்களுக்கும் போய்விடலாம். எமது வீடுகளில் தங்கும் பிள்ளைகளில் பலர் இந்த வழியில்தான் போய் வருகிறார்கள்.

ஆங்கிலத்தில் படிப்பவருக்குப் பிரெஞ்சு ஏன்?

ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்திலேயே பரீட்சை எழுதிப் பட்டம் பெறலாம். சிக்கல் பட்டத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1991 இல் கனடாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கியூபெக் தனக்கு வேண்டிய பொருளாதாரக் குடிவரவாளரைத் தானே தெரிவு செய்கிறது. 2010 இல் தொடங்கி, இங்கு படித்த மாணவர் பலரும் நம்பியிருந்த 'பெக்' என்ற அனுபவத் திட்டம் 2025 நவம்பரில் மூடப்பட்டது. அதன் பின் திறமைசார் தொழிலாளர் தெரிவுத் திட்டமே பிரதான வழியானது. அதில் பிரெஞ்சுக்குப் பெரிய இடம் உண்டு. கியூபெக் அரசு மொழியறிவைப் பன்னிரண்டு நிலைகளாக அளக்கிறது. குடிவரவில் பெரும்பாலும் பேசப்படுவது ஏழாம் நிலை. சாதாரண விடயங்களைத் தடுமாறாமல் கதைக்கவும் எதிரே இருப்பவர் சொல்வதை விளங்கவும் கூடிய நிலை அது. திட்டங்களின் பெயர்களும் விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் காலத்து விதியை அரச இணையத்தளத்தில்தான் பார்க்கவேண்டும். ஆனால் இத்தனை மாற்றங்களிலும் பிரெஞ்சின் முக்கியத்துவம் குறைந்ததாக இல்லை.

வேலையிலும் இதே நிலைமைதான். கணக்காளர், பொறியியலாளர், தாதி என நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்களில், உரிய தொழிற்சபையின் அனுமதிப் பத்திரம் பெறுவதற்குத் தகுந்த பிரெஞ்சு அறிவைக் காட்டவேண்டும். பிரெஞ்சில் மூன்று வருடம் முழுநேரமாகப் படித்திராதவர் போன்றோருக்கு அதற்கென்று ஒரு பரீட்சை இருக்கிறது. கணக்கியல் துறையில் இருக்கும் எமக்கு இது நன்கு தெரிந்த விடயம்: வரவு செலவை எந்த மொழியிலும் கூட்டலாம், ஆனால் வாடிக்கையாளருக்கு அதை விளங்கப்படுத்தவேண்டியது பிரெஞ்சில். 2022 இல் நிறைவேறிய 96 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 2025 யூன் 1 முதல் 25 பேர் அளவில் வேலை செய்யும் சிறு நிறுவனங்களும் தமது அலுவல்மொழி பிரெஞ்சு என்பதைக் காட்டவேண்டியுள்ளது.

"படிப்பு முடிய ரொறன்ரோவுக்குப் போகலாம்தானே?" என்று கேட்போர் உண்டு. போகலாம், பலர் போயிருக்கிறார்கள். ஆனால் அங்கும் பிரெஞ்சு வீணாகாது. 2023 முதல் மத்திய அரசின் விரைவு நுழைவுத் திட்டத்தில், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனித் தெரிவுச் சுற்றுகள் நடக்கின்றன. மொன்றியலில் இரண்டு, மூன்று வருடம் இருந்தும் அதைக் கற்காமல் போவது, கைக்கெட்டிய காசை எடுக்காமல் விடுவதற்குச் சமன்.

ஒரு கிழமையின் கணக்கு

பிள்ளைகள் பிரெஞ்சு கற்காமல் போவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு கிழமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு காரணம் தெரியும்.

கிழமைக்கு 168 மணித்தியாலங்கள். நித்திரைக்கு 49 போனால் மிச்சம் 119. வகுப்பு 15, சொந்தப் படிப்பு 25, பிரயாணம் 10, சமையலும் குளிப்பும் துவைப்பும் 14 என்று வைத்துக்கொள்வோம். வேலை 24, தவணைக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய மாணவருக்கு உள்ள உச்சவரம்பு அவ்வளவுதான். இவையெல்லாம் போக 31 மணித்தியாலங்கள் மிஞ்சுகின்றன. இப்போது ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த மொழியில் கழிகிறது என்று எழுதிப் பாருங்கள். வகுப்பும் படிப்பும் ஆங்கிலம். வேலை தமிழ்க் கடையில் அல்லது தமிழ் உணவகத்தின் குசினியில், ஆகவே தமிழ். வீடு தமிழ். பிரயாணத்தில் காதில் தமிழ்ப் பாட்டு. மிச்ச நேரம் அம்மாவோடு வட்ஸ்அப், வெள்ளிக்கிழமை டொலார்-தே-ஓர்மோ முருகன் கோவில், ஞாயிறு கிரிக்கெட். பிரெஞ்சின் பக்கத்தில் பஸ் சாரதிக்குச் சொன்ன ஒரு 'பொன்ஜூர்' மட்டுமே நிற்கும்.

இதில் பிள்ளையைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் நாட்டில், வந்த முதல் வருடத்தில் தமிழ்ச் சாப்பாடும் தமிழ்ப் பேச்சும் மருந்து மாதிரி. அதை நாம் பறிக்கக் கூடாது. அதற்காகப் புதிதாக நேரம் தேடவும் தேவையில்லை. இருக்கும் மணித்தியாலங்களில் சிலவற்றை மொழி மாற்றினாலே போதும். பெரிய தொகை வேலையின் 24 மணித்தியாலம். அதன் பாதியாவது பிரெஞ்சு வாடிக்கையாளர் வந்துபோகும் இடத்தில், பட்டடையில் நிற்கும் வேலையாகக் கிடைத்தால், ஒரே நாற்பது ஐம்பது வசனங்களை நாள் முழுக்கக் கேட்டுச் சொல்லும் பயிற்சி சம்பளத்தோடு கிடைக்கும்.

எமது முதல் தலைமுறையும் இப்படித்தான் கற்றது. 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் இருந்து மீட்கப்பட்ட 155 பேரில் பலர் மொன்றியலுக்கு வந்தார்கள். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் 'கோஃபி' என்ற அரச மொழி நிலையங்களுக்குப் போனதுண்டு. அந்த நிலையங்கள் 2000 இல் மூடப்பட்டன. ஆனால் அவர்களில் பலருக்கு நாக்கில் ஒட்டிய பிரெஞ்சு, கோப்பை கழுவிய உணவகத்திலும் தையல் தொழிற்சாலையிலும் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுப் பழகியது.

புத்தகப் பிரெஞ்சும் தெருப் பிரெஞ்சும்

ஊரில் ஆறு மாதம் பிரெஞ்சு படித்துவிட்டு வரும் பிள்ளையும் லவாலில் இறங்கியவுடன் திகைத்துப் போகும். படித்த எதுவும் காதில் விழாது. தமிழருக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். 'எனக்குத் தெரியாது' என்று எழுதுகிறோம், 'எனக்குத் தெரியா' என்று கதைக்கிறோம். அதேபோல் புத்தகத்தில் 'ஜ ந செ பா' என்று இருப்பது இங்கே வாயில் 'ஷே பா' ஆகிறது. 'ஜ சுயி' என்பது 'ஷு' ஆகிறது. எழுத்துத் தமிழை மட்டும் படித்த ஒரு வெள்ளைக்காரர் சுன்னாகம் சந்தையில் இறங்கினால் என்ன பாடுபடுவாரோ, அதே பாடுதான் இது. இரண்டு வழக்கோடும் வாழ்ந்து பழகிய எமக்கு அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

சொற்களும் பிரான்சில் இருந்து மாறும். பாரிசில் 'டெஜ்யுனே' என்றால் மதியச் சாப்பாடு. இங்கே அது காலைச் சாப்பாடு. 'டினே' இங்கே மதியத்துக்கு, 'சுப்பே' இரவுக்கு. நன்றி சொன்னால் 'பியன்வென்யூ' என்று பதில் வரும். மூலைக்கடைக்கு 'டெப்பனர்' என்று பெயர். நீ, நீங்கள் என்ற வேறுபாடு பிரெஞ்சிலும் உண்டு என்பதால் மரியாதைச் சொல்லில் எம் பிள்ளைகள் தடுமாறமாட்டார்கள். ஆனால் இங்கத்தையவர்கள் 'நீ' என்பதைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். முதல் நாளே 'நீ' என்று கூப்பிட்டால் அதை அவமதிப்பாக எடுக்கவேண்டாம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். மொன்றியல் கடைகளில் 'பொன்ஜூர்-ஹாய்' என்று இரண்டு மொழியிலும் வரவேற்பார்கள். வெறும் 'பொன்ஜூர்' போதும் என்று கியூபெக் சட்டசபை 2017 நவம்பரில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டும் அது நிற்கவில்லை. பிள்ளை பிரெஞ்சில் தொடங்கித் தடுமாறினால் எதிரே நிற்பவர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அவர் உதவி செய்வதாகவே நினைக்கிறார். 'நான் பிரெஞ்சு பழகுகிறேன், பிரெஞ்சிலேயே சொல்லுங்கள்' என்ற ஒரு வசனத்தை முதல் கிழமையே மனப்பாடம் செய்துகொண்டால் இந்தத் தடை நீங்கும். அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களை விட மகிழ்பவர்களே அதிகம்.

எங்கே தேடுவது?

முதலாவது, பல்கலைக்கழகத்திலேயே. மக்கிலிலும் கொன்கோர்டியாவிலும் பிரெஞ்சு பாடங்கள் உண்டு. எந்தத் தவணையில் எந்தப் பாடம் எடுக்கலாம், கட்டணம் எவ்வளவு என்று பதிவின்போதே கேட்கவேண்டும். கடைசித் தவணைக்குத் தள்ளிவைத்தால் அது நடக்காது.

இரண்டாவது, 'பிரான்சிசாசியோன் கெபெக்'. 2023 யூன் 1 முதல் அரச பிரெஞ்சு வகுப்புகளுக்கு இதுவே ஒரே வாசல். முழுநேரம், பகுதிநேரம், இணையவழி என்று வகைகள் உண்டு. 2024 இலையுதிர் காலத்தில் நிதி போதாமல் பல வகுப்புகள் மூடப்பட்டன என்பதை மறக்கக் கூடாது. ஆகையால் விசா வகைக்குத் தகுதி உண்டா என்று பார்த்து, பிள்ளை வந்து இறங்கிய கிழமையே பதிவு செய்யவேண்டும்.

மூன்றாவது, பிள்ளை தினமும் மெற்றோ மாறும் பெரி-யூகாம் நிலையத்திலேயே இருக்கும் பெரிய நூலகம். 2005 இல் திறந்த இந்நூலகத்துக்கு நிலையத்தின் உள்ளிருந்தே போகலாம். மொழி கற்பதற்கான நூல்களும் ஒலிப்பதிவுகளும் அங்கே உண்டு. பிரயாண நேரத்தில் கேட்பதற்கு 95.1 இல் ரேடியோ-கனடாவின் பிரெஞ்சு வானொலி இருக்கிறது. முதல் மாதம் இரைச்சலாகத்தான் கேட்கும், காலநிலையும் வீதி நெரிசலும் மெல்ல மெல்லப் பிடிபடும்.

நான்காவது எமது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1977 இல் வந்த 101 ஆம் இலக்கச் சட்டத்தால் எமது பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பாடசாலைக்கே போனார்கள், போகிறார்கள். லவால் தமிழ் வீடுகளில் அண்ணனும் தங்கையும் சண்டை பிடிப்பது பிரெஞ்சில்தான். ஊரில் இருந்து வந்த மாணவன் அவர்களோடு ஆங்கிலத்தில் கதைக்க, அவர்களும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்ல, வீட்டில் இருக்கும் ஆசிரியர்கள் பயன்படாமல் போகிறார்கள். இங்கே ஒரு பண்டமாற்று செய்யலாம்: இரவுச் சாப்பாட்டில் அரை மணித்தியாலம் எல்லாரும் பிரெஞ்சு, சனிக்கிழமை காலை அந்த அண்ணா பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பார். பத்து வயதுப் பிள்ளை திருத்தும்போது வெட்கம் குறைவு. அந்தப் பிள்ளைக்கும் தமிழ் தெரிந்த, வயது அதிகம் போகாத ஒரு அண்ணா கிடைக்கிறார். பாரிசில் மச்சான் மச்சாள் இருந்தால் அவர்களோடும் கிழமைக்கு ஒரு முறை பிரெஞ்சில் கதைக்கலாம். உச்சரிப்பு கொஞ்சம் வேறாக இருக்கும், அதனால் நட்டம் இல்லை.

நண்பர்கள் விடயத்தில் அவசரப்பட வேண்டாம். வெறும் பழக்கத்துக்காக யாரும் நண்பராக மாட்டார்கள். சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். கிரிக்கெட் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். உதைபந்தாட்டம், பட்மின்டன், நீச்சல் பயிற்சி என்பவை லவாலில் பிரெஞ்சில் நடக்கும். கிழமைக்கு ஒரு முறை ஒரே இடத்துக்கு ஒரே நேரம் போனால், மூன்றாம் மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருப்பார்.

வீட்டுக்காரரிடம் நாம் கேட்பது மூன்று விடயம். முதல் தவணையில் பிள்ளைக்கு முழு 24 மணித்தியால வேலை தேடிக் கொடுக்காதீர்கள். வங்கி, மருத்துவர், தொலைபேசி நிறுவனம் என்று எல்லா அலுவலையும் நீங்களே பிரெஞ்சில் முடித்துக் கொடுக்காமல், பக்கத்தில் நின்று அவரையே கதைக்க விடுங்கள். ஊரில் இருக்கும் தாய் தகப்பனிடமும் பிரெஞ்சின் தேவையை முன்கூட்டியே சொல்லுங்கள். கட்டணத்துக்குக் கடன் பட்டவர்கள் "வேலை கிடைச்சதா" என்றுதான் கேட்பார்கள், "பிரெஞ்சு எந்த நிலை" என்று கேட்கமாட்டார்கள். செப்ரெம்பரில் வந்தவர் ஜனவரிக்குள் ஒரு நிலைப் பரீட்சை எழுதிப் பார்க்கட்டும். எத்தனையாம் நிலை என்று தெரிந்தால், ஏழுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு, அடுத்த தவணையின் மணித்தியாலங்களைப் பிரித்துக்கொள்ளலாம்.