அழிக்க முடியாத கோடுகள்: பால்பாயின்ட் பேனாவில் ஒரு திகில் கிராஃபிக் நாவல் உருவானது எப்படி?

ஸ்கூல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் கிறுக்காதவர்கள் குறைவு. அதே பேனாவை வைத்து சுமார் 400 பக்கத்துக்கு ஒரு திகில் கிராஃபிக் நாவலையே வரைந்தவர் எமில் ஃபெரிஸ். அமெரிக்காவின் சிகாகோவைச் சேர்ந்த ஓவியர். 'மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்' என்ற அந்த நாவல் 2017-ல் வெளியானது. காமிக்ஸ் உலகின் ஆஸ்கர் எனச் சொல்லப்படும் ஐஸ்னர் விருதுகளில் மூன்றை 2018-ல் தட்டிச் சென்றது. அதில் ஒன்று வண்ணத்துக்கான விருது!

கதை என்ன?

1960-களின் சிகாகோ. 10 வயது கேரனுக்கு பழைய பேய்ப் படங்கள் என்றால் உயிர். மாடி வீட்டில் வசிக்கும் அங்கா மர்மமான முறையில் இறந்துபோகிறார். நாஜிகளின் கொடுமையிலிருந்து தப்பி வந்தவர் அவர். இந்த மரணத்தைத் துப்பறியக் கிளம்புகிறாள் கேரன். தான் பார்ப்பதை எல்லாம் ஸ்பைரல் நோட்டில் வரைகிறாள். தன்னை மட்டும் கோரைப்பல் முளைத்த ஓநாய்ச் சிறுமியாக வரைந்துகொள்கிறாள். நாம் படிப்பது அந்த நோட்டைத்தான்.

ஏன் பால்பாயின்ட்?

வழக்கமாக காமிக்ஸ் ஓவியர்கள் முதலில் பென்சிலில் ஸ்கெட்ச் போடுவார்கள். அதன் மேல் பிரஷ் அல்லது மை தொட்டு வரையும் பேனாவால் இன்க்கிங் செய்வார்கள். மை காய்ந்ததும் பென்சில் கோடுகளை அழித்துவிடுவார்கள். திகில் கதை என்றால் பிரஷ் ரொம்ப வசதி. ஒரே இழுப்பில் பாதிப் பக்கத்தை இருட்டாக்கிவிடலாம்.

ஆனால், 10 வயதுச் சிறுமியின் ஸ்கூல் பையில் பிரஷ்ஷும் மைக்கூடும் இருக்குமா? பேனாதான் இருக்கும். அதனால் ஃபெரிஸும் பிக் பால்பாயின்ட், பேப்பர் மேட் ஃப்ளேர் ஸ்கெட்ச் பேனா போன்ற சாதாரணப் பேனாக்களையே எடுத்தார். கோடு போட்ட நோட்டுத் தாளில் வரைந்ததைப் போலவே ஒவ்வொரு பக்கமும் இருக்கும்.

இருட்டை எப்படிக் கொண்டுவருவது?

இங்கேதான் 'கிராஸ் ஹேட்சிங்' வருகிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்த மெல்லிய கோடுகளை நெருக்கமாகப் போட வேண்டும். அதன் மேல் குறுக்காக இன்னொரு அடுக்கு. இன்னும் இருட்டு வேண்டுமா? இன்னொரு அடுக்கு. அழுத்தம் குறைந்தால் சாம்பல் நிறம், கூடினால் கருமை. நீலத்தின் மேல் சிவப்புக் கோடுகள் விழுந்தால், கண்ணுக்கு ஊதா போலத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், ஒரு முகத்துக்கே நூற்றுக்கணக்கான கோடுகள் தேவைப்படும். தப்பாக ஒரு கோடு விழுந்தால், ரப்பர் வைத்து அழிக்கவும் முடியாது.

அந்தக் கையின் கதை

இத்தனை கோடுகளையும் போட்ட கை, ஒரு கட்டத்தில் செயலிழந்துபோன கை. ஃபெரிஸுக்கு 40 வயதானபோது, கொசுக்கடி மூலம் வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றியது. இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. வரைகிற வலது கையும் வேலை செய்யவில்லை. ஓவியத்தை நம்பி மகளை வளர்த்துவந்த சிங்கிள் மதர் அவர்.

பேனாவைக் கையோடு சேர்த்து டேப் ஒட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து வரையப் பழகினார். பிறகு, சிகாகோவின் 'ஸ்கூல் ஆஃப் தி ஆர்ட் இன்ஸ்டிட்யூட்'டில் சேர்ந்து படித்தார். நாவலை முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. 48 பதிப்பாளர்கள் நிராகரித்த பிறகே ஃபேன்டகிராஃபிக்ஸ் நிறுவனம் அதை வெளியிட்டது.

பயம் எங்கே இருக்கிறது?

நாவலுக்கு நடுநடுவே பழைய திகில் பத்திரிகைகளின் அட்டைப்படம் போன்ற ஓவியங்கள் வரும். கோரைப்பல், ரத்தம், அலறல் எல்லாம் இருக்கும். ஆனால், கேரனுக்கு அவை மீது பயமே கிடையாது. அங்காவின் கடந்த காலத்தில் வரும் சாதாரண மனிதர்கள்தான் நம்மை நடுங்க வைக்கிறார்கள். அந்த முகங்களிலும் ஃபெரிஸ் அதே பொறுமையோடு கோடு கோடாக நிழல் சேர்க்கிறார். பேய்க்கு ஒரு டெக்னிக், மனிதனுக்கு ஒரு டெக்னிக் என்று பிரிப்பதில்லை.

இரண்டாம் பாகம் 2024-ல்தான் வந்தது. இடையில் 7 ஆண்டுகள்! பேனா விலை குறைவுதான்; ஆனால், அது கேட்கும் நேரம் ரொம்ப அதிகம்.

டிரை பண்ண ஆசையா? பழைய நோட்டில் ஒரு வட்டம் போடுங்கள். ஒரு ஓரத்திலிருந்து மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளை அடுக்குங்கள். நான்காவது அடுக்கில் அந்த வட்டம் பந்தாக உருண்டு நிற்கும்.